மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

கோல சிலாங்கூரில் ஒரு லோயர் ஆப்பீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ரிட்டையர் ஆனவள் நான். உயில் வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றுதான். புதிதாகச் சேர்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் முனியாண்டி என்று ஒரு பெரியவர், செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். வியாழக்கிழமை அவருக்கு நெஞ்சில் ஆப்பரேஷன். அதற்குள் உயில் முடிய வேண்டும். வீடு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகள் லெட்சுமிக்கு. மிச்சமெல்லாம் கெர்லிங்கில் இருக்கும் மகனுக்கு. அந்த மகனோ, அப்பா இருக்கும்போதே வீட்டை விற்க புரோக்கரைக் கூட்டி வந்த புண்ணியவான்.

லோயர் அம்மாவுக்கு அன்று கோர்ட். உயிலை டைப் செய்து என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்று நான், இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரர் என்று ஏற்பாடு. போய்ப் பார்த்தால், லெட்சுமியின் புருஷன் சுப்ரா குளித்து, பவுடர் போட்டு, ஜிப்பாவும் புதுப் பேனாவுமாக நடு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்.

"வூட்டு மாப்ள நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பக்கத்து வூட்டுக்காரன் வந்து போடணுமா லா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெரியவர் கையெழுத்துப் போட்டதும், சுப்ரா சாட்சியாகச் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டு, அதோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

ஆப்பீஸில் லோயர் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரோ, யாரு இந்த சுப்ரா?"

"பெரியவரோட மாப்ள, மேடம். லெட்சுமி புருஷன்."

"போச்சு! சாட்சி போட்டவனுக்கும், அவன் பொண்டாட்டிக்கும் உயில்ல எழுதுனது எதுவும் செல்லாது. வீடு மிச்சத்துல சேந்து மகனுக்குப் போயிடும்."

மறுநாள், புதன்கிழமை, புது உயிலோடு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் சுப்ராவுக்கு முகம் தொங்கிவிட்டது.

"அப்ப நான் வேத்தாளா?"

"மாப்ள, ஒங்களுக்கு வீடு வேணுமா, கையெழுத்து வேணுமா?" என்றார் பெரியவர்.

சுப்ரா யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. அடுப்படியிலிருந்து லெட்சுமி கரண்டியோடு வந்தாள்.

"நல்லா யோசிங்க. நான் வூட்டுல படுத்துக்குறேன். நீங்க ஒங்க கையெழுத்து மேல பாய விரிச்சுப் படுத்துக்குங்க."

சுப்ரா அடங்கினார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சுங்கை புரோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தோளில் கேஸ் தோம்போடு, வீடு வீடாக சிலிண்டர் போடுபவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவரை அப்படியே உள்ளே இழுத்தேன்.

"இதுல எனக்கு என்னாக்கா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது தம்பி."

"ஒங்க பொண்டாட்டிக்கும் கெடைக்காது," என்றாள் லெட்சுமி, பாடம் ஏறிவிட்ட தெம்பில்.

"அப்பறம் எதுக்கு என்னயக் கூப்புடுறீங்க?"

"அதுக்குத்தான்!" என்றோம் எல்லோரும்.

பெரியவர் எங்கள் இருவர் கண்ணெதிரே கையெழுத்துப் போட, நாங்களும் போட்டோம். பழைய உயிலைப் பெரியவரே கிழித்தார். தன் கையெழுத்து இருந்த துண்டை மட்டும் சுப்ரா பொறுக்கிக்கொண்டார்.

உயிலுக்குச் சாட்சி தேடும்போது, அதில் ஒன்றும் கிடைக்காத ஆளாகப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை செய்யக் கோழிக்கறி இருக்கிறது.