அம்பு ஒட்டும் பாண்டியம்மாள்

பாண்டியம்மாள் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்தது கிடையாது. ஆனால் மண்ணரை ஃப்ரண்ட்ஸ் கால்பந்து அணியைப் பற்றி அவள் காதுபட யாராவது இளக்காரமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்த ஆளுக்கு டீ தொண்டையில் இறங்காது. ஒன்பது வருஷத்தில் ஆறு கோப்பை. எந்த வருஷம், யாரோடு ஃபைனல், கோல் அடித்தவன் எந்த கம்பெனியில் என்ன மிஷின் ஓட்டினான் என்பதுவரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். கேட்டவர் பாவம், "சரிங்க, சரிங்க" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர முடியும்.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணமான கையோடு அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூரின் மண்ணரைக்கு வந்தவள். முதலில் தையல்காரர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை, பிறகு இருபத்தைந்து வருஷமாக செக்கிங் டேபிள். தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பெரிய மனிதர் தைத்தது, வேண்டியவர் தைத்தது என்ற பேச்செல்லாம் அந்த டேபிளில் எடுபடாது. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகன் முனீஸை ஆளாக்கியதும் அந்த அம்புகளை ஒட்டித்தான்.

முனீஸால்தான் அவள் மைதானத்துக்கே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுத்துவரச் சொன்னால் பையன் மத்தியானம்வரை ஆளைக் காணோம். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனவள், பள்ளிக்கூட மைதானத்து வேலியோரம் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் நேராகக் கோச் சிவராஜிடம் போய், "நாலாம் நம்பர் பந்தப் பாக்காம ஆளப் பாக்குறான். கோல்ல நிக்கிற கோலி பயந்துக்கிட்டு முன்னால வர மாட்டேங்குறான். பத்தாம் நம்பருக்கு வாய்தான் ஓடுது, கால் ஓடல" என்று வரிசையாகச் சொன்னாள். சிவராஜ் பட்டன் மிஷின் யூனிட் வைத்திருப்பவர், பழைய ஆட்டக்காரர். வாயைப் பிளந்துவிட்டார். "ஏனுங்க்கா, நான் ரண்டு மாசமா இதத்தானுங்க கத்தீட்டிருக்கறேன்" என்றார்.

அடுத்த வாரம் கைப்பையில் ஒரு ரோல் அம்பு ஸ்டிக்கரோடு வந்தாள். வியர்வையில் நனைந்த துணியில் ஸ்டிக்கர் ஒட்டாது. அதனால் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஜெர்சியைக் கழற்றி வேலிக்கம்பியில் காயப்போடுவார்கள். டீயும் போண்டாவும் முடிவதற்குள் வெயிலில் துணி காய்ந்துவிடும். பிறகு பாண்டியம்மாள் வரிசையாக நடந்து வருவாள். தலையால் முட்ட வேண்டிய பந்தை விட்டவனுக்குத் தோளில் ஒரு அம்பு, கையை நீட்டியவனுக்குக் கையில், ஓடாமல் நின்றவனுக்கு அடி ஓரத்தில். அம்பு வாங்காதவன் அன்றைக்கு ராஜா. ஒருமுறை கேப்டன் யாரும் பார்க்கவில்லை என்று தன் அம்பை உரித்துப் போட்டான். அவள் திரும்பி வந்து இரண்டாக ஒட்டினாள். எதிரணிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். மூன்று கோப்பை போன பிறகு அவர்களும் அம்பு ரோல் வாங்கி வைத்துக்கொண்டதாகக் கேள்வி, ஆனால் ஒட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு பாண்டியம்மாள் கிடைக்கவில்லை.

இந்த ஊரில் ஒரு அணியை ஒன்பது வருஷம் கட்டிக் காப்பதென்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆர்டர் குறைந்தால் ஆள் ஊருக்குப் போய்விடும். பக்கத்து கம்பெனியில் கொஞ்சம் கூடக் கிடைத்தால் அங்கே தாவிவிடும். கொரோனா வந்தபோது ஒரே மாதத்தில் ஏழு பேர் ஊர் திரும்பினார்கள். அதனால் சிவராஜ் கம்பெனிகளில் இருக்கிற வழக்கத்தையே அணிக்கும் கொண்டுவந்தார். போகிறவன் தன் இடத்துக்கு ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மணிப்பூர்க்காரன் போகும்போது ஒடிசாக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒடிசாக்காரன் திண்டுக்கல் பையனைக் கூட்டிவந்தான். அணியின் முகம் மாறிக்கொண்டே இருந்தது, கோப்பை மட்டும் மண்ணரைக்கு வந்தபடியே இருந்தது. அதைச் சொல்லும்போது பாண்டியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொள்வாள், ஏதோ அவளே எல்லோருக்கும் சோறு போட்டு வளர்த்த மாதிரி.

போன வருஷம் அரையிறுதியில் அடி விழுந்தது. மூன்றுக்கு ஒன்று. நடுவரைத் திட்டினார்கள், மைதானத்தைத் திட்டினார்கள், கோலியை அழவே வைத்துவிட்டார்கள். ஜெர்சிகள் காய்ந்தன. பாண்டியம்மாள் வேலியோரம் நடந்தாள். கோலியின் ஜெர்சியைத் தாண்டிப் போனாள். ஒன்பது வருஷமாக மண்ணரையின் பின்வரிசையைக் காத்த ஐந்தாம் நம்பர் ஜெர்சி முன்னால் நின்று, அடி ஓரத்தில் ஒரு அம்பு ஒட்டினாள். பிறகு இன்னொன்று. இரண்டு கோல் முனீஸைத் தாண்டி ஓடியவர்கள் போட்டவை. அவனுக்கு முப்பது வயதாகிவிட்டது, கால் முன்னைப்போல் இல்லை. வீட்டில் அவன் மாடிப்படி ஏறுகிற சத்தத்திலேயே அது அவளுக்குத் தெரியும். முனீஸ் ஜெர்சியை எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் சிவராஜ் நாலு பழைய ஆட்களை அணியிலிருந்து நிறுத்தினார். முனீஸும் அதில் ஒருவன். பெத்த தாயே பிள்ளையின் இடத்தைப் பிடுங்கிவிட்டாள் என்று தெருவே பேசியது. கூட வேலை பார்க்கும் ராக்கம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "ஏனக்கா, ஒரு அம்ப மறந்தாப்புல உட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?" பாண்டியம்மாள் அடுத்த பனியனை விளக்கில் விரித்தாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

முனீஸ் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மனைவி ஆஷாவைக் கூட்டிக்கொண்டு அருள்புரத்தில் வீடு பார்த்துப் போய்விட்டான். அங்கே ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. அத்தனை கோபத்திலும் அணியின் வழக்கத்தை மீறவில்லை. புது கம்பெனியிலிருந்து மங்கல் என்கிற ஜார்க்கண்ட் பையனை மண்ணரைக்கு அனுப்பி வைத்தான். அம்மாவிடம் மட்டும் பேச்சு நின்றுபோனது. அவள் போன் செய்தால் ஆஷாதான் எடுப்பாள். "சாப்பிட்டாச்சான்னு கேளு" என்பாள் இவள். "சாப்பிட்டாச்சாம் அத்தை" என்று பதில் வரும். இப்படிப் பதினாலு மாதம்.

புது அணி தடுமாறியது. முதல் ஐந்து ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. மண்ணரை கதை முடிந்தது என்று பேச்சு வந்தது. வேலியோரக் கூட்டம் கரைந்து கரைந்து கடைசியில் பாண்டியம்மாளும் நாலு ஆடும் மிஞ்சின. அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அம்பு ஒட்ட ஒட்ட ரோல் தீர்ந்து புது ரோல் வாங்கினாள். மங்கலுக்குத் தமிழ் புரியாது, அம்பு புரிந்தது. முன்வரிசை நித்தீஷ் பல்லடத்துப் பையன், காற்றாக ஓடுவான், பந்தை மட்டும் விட்டுவிட்டு ஓடுவான். பொங்கலுக்குப் பிறகு ஏதோ கூடிவந்தது. அம்புகள் குறைந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு ஜெர்சியையும் பார்த்து முடித்து, ஒரு அம்பும் ஒட்டாமல் ரோலைத் திரும்பப் பைக்குள் போட்டாள். பையன்கள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். இறக்கி விடுங்கடா என்று கத்தினாளே தவிர, கண்ணெல்லாம் தண்ணீர். பழைய ஆறு கோப்பையையும் விட இந்த அணிதான் அவளுக்கு உசத்தி. அதெல்லாம் இருந்ததை வைத்து ஜெயித்தது, இது ஒன்றுமில்லாமல் எழுந்து நின்றது.

ஃபைனலுக்கு எதிரில் வந்தது அருள்புரம். அதன் ஐந்தாம் நம்பர், முனீஸ்.

வேலை மாறியதும் ஆறு மாதம் காலுக்கு ஓய்வு கொடுத்து, எடையைக் குறைத்து, அந்த அணியில் போய்ச் சேர்ந்திருந்தான். பாண்டியம்மாளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், யாருக்குக் கை தட்டுவது என்ற கவலை ஒரு பக்கம். போதாததற்கு ஃபைனலுக்கு நாலு நாள் முன்னால் ஆஷா போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கம்பெனிப் படியில் முனீஸுக்கு இடது கணுக்கால் பிசகியிருக்கிறது. டீமில் சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று சாக்ஸுக்குள்ளே கட்டுப் போட்டுக்கொண்டு ஆடப் போகிறான். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா கொன்னுருவாரு அத்தை" என்றவள், அத்தையிடம் சொன்னதை அன்றைக்கே பயத்தில் அவனிடமும் உளறிவிட்டாள்.

ஃபைனல் அன்று காலையில் சிவராஜ் அவளிடம் வந்தார். தயங்கினார். "அக்கா, ஒண்ணு கேக்கோணுங்க. முனீஸுக்குக் கால்ல ஏதோ அடின்னு பேசிக்கறாங்க. எந்தக் காலுன்னு தெரிஞ்சா நித்தீஷ அந்தப் பக்கம் உடலாமுங்க."

பாண்டியம்மாள் மைதானத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த அணிக்காக அவள் மகனையே விட்டவள் என்று ஊர் சொல்கிறது. சொல்லாமல் இருந்து மண்ணரை தோற்றால், இந்தப் பையன்கள் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லி ஜெயித்தால், முனீஸ் முகத்தில் எப்படி முழிப்பது?

"அது வேற கம்பெனி சரக்கு, சிவராஜு" என்றாள். "நம்ம டேபிளுக்கு வந்தா எம்புள்ளையா இருந்தாலும் அம்பு ஒட்டுவேன். வராத பீஸுல நான் கை வைக்க மாட்டேன். நம்ம பயலுக நல்லா ஆடுனா ஜெயிக்கட்டும்."

சிவராஜ் முகம் சுருங்கிவிட்டது. "கேட்டிருக்கப்படாதுங்க்கா. மன்னிச்சுக்கோங்க" என்று போய்விட்டார்.

எப்போதும் உட்காரும் வேலியோரத்திலேயே உட்கார்ந்தாள். அருள்புரம் பக்கம் ஆஷா நின்றாள். முனீஸ் அன்றைக்கு ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இருபது வயதில்கூட அவன் அப்படி ஆடவில்லை. நித்தீஷ் நாலு முறை நடுவாக உள்ளே புகுந்தான், நாலு முறையும் முனீஸ் பந்தை எடுத்தான். நாலாவது முறை அவள் கை தானாகத் தட்டிவிட்டது. மண்ணரைக் கூட்டம் திரும்பி முறைத்தது. "என்ன பாக்குறீக? நல்லா எடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்று அவளும் முறைத்தாள். மறுபுறம் மங்கலும் மலை மாதிரி நின்றான். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

கடைசி நிமிஷங்களில் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. முனீஸ் நடுவில் நிற்காமல் இடது பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கி நிற்கிறான். அவனுக்கு வலது புறம் வாசல் மாதிரி திறந்து கிடக்கிறது. அவளுக்குத் தெரிந்த அதே நேரத்தில் நித்தீஷுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வலது புறமாகப் பந்தோடு பாய்ந்தான், இந்த முறை பந்தை விடவில்லை. முனீஸ் திரும்பி ஓடி வருவதற்குள் வலை ஆடியது. ஒன்றுக்குப் பூஜ்யம். ஏழாவது கோப்பை.

மண்ணரையே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பாண்டியம்மாள் எழுந்து நின்று கத்தினாள், விசிலடித்தாள், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சு விம்மி வெடித்துவிடும்போல இருந்தது. ஒன்றுமில்லாமல் இருந்த பயல்கள், யார் தயவும் இல்லாமல் ஜெயித்துவிட்டார்கள்.

அப்போது முனீஸ் நொண்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தான். பின்னாலேயே ஆஷா. அவன் வந்து எதிரில் நின்றான்.

"கால் விஷயம் கேட்டாங்களா?" என்றான்.

"கேட்டாக."

"சொல்லலியா?"

"சொல்லல."

முனீஸ் தலையைக் குனிந்துகொண்டான். "எடது பக்கந்தான் வருவாங்கன்னு மேட்ச் பூரா அந்தப் பக்கமே சாஞ்சு நின்னேன். ஒருத்தனும் வரல. நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சுட்டேன்மா. அந்த நெனப்புலதான் அந்தக் கோல் போச்சு."

பதினாலு மாதம் கழித்து அந்த 'அம்மா'வைக் கேட்கிறாள். ஆனாலும் பொய் சொல்ல வராதே அவளுக்கு. "வலது பக்கத்தத் தெறந்து போட்டது தப்புதான்" என்றாள். குரல் உடைந்தது. "மத்தபடி இன்னைக்கு நீ ஆடுன ஆட்டத்த, மண்ணரைக்கு ஆடுனப்பகூட நான் பாத்ததில்லடா."

முனீஸ் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையில் படாமல் தூக்கினான்.

மைதானத்தின் நடுவிலிருந்து சிவராஜ் குரல் கொடுத்தார். "அக்கோவ், போட்டோவுக்கு வாங்க! உங்களுக்குத்தான் நிக்கறோமுங்க!"

"போம்மா, ஒன் டீம் கூப்புடுது" என்றான் முனீஸ்.

"நிக்கட்டும்" என்றாள் பாண்டியம்மாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினாள். "மொதல்ல அந்தக் காலக் கொண்டா."

அவன் உட்கார்ந்து காலை நீட்டினான். அவள் ஷூவைக் கழற்றி, சாக்ஸை மெல்ல மெல்ல உருவினாள். கோப்பையோடு பதினோரு பேரும் வெயிலில் காத்து நின்றார்கள்.