பாதி அட்டை மாத்திரை

மச்சானைப் பழிவாங்கியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த நொடியில்.

தட்டில் வளர்ந்திருந்தவை, உடலுறவில் தொற்றும் வெட்டைநோய்க் கிருமிகள். அடிவயிற்று வலியோடு கோச்சடையில் என் வீட்டுக்கு வந்திருந்த அக்காவின் உடம்பிலிருந்து எடுத்தவை. நடுவில், மருந்தில் நனைத்த பொட்டளவு காகித வில்லை. மருந்து கிருமியைக் கொன்றால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். விழவில்லை. கிருமிகள் வில்லையின் விளிம்புவரை ஏறி நின்றன, அம்புட்டுத் திமிர்!

மச்சான் உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். ஊர் ஊராகப் போய்வருகிறவர். சிறுநீர் எரிந்தால் டாக்டரிடம் போக மாட்டார். மெடிக்கலில் "சூடுண்ணே" என்றால் இதே மருந்து கிடைக்கும். பாதி அட்டையில் எரிச்சல் அடங்கிவிடும். "எனக்குச் சூடு தணிஞ்சிருச்சு, மிச்சத்த நீ போடு" என்று அக்காவிடம் நீட்டுவார். இப்படி மூன்று தடவை. அவள் அதைப் பாசம் என்று நினைத்திருக்கிறாள்.

பாதி மருந்தில் நிறுத்தி நிறுத்தி, அந்தக் கிருமியை மருந்துக்கே அடங்காதபடி தேற்றிவிட்டது அவர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தேறிய கிருமியே அவருக்குத் தொற்றியிருக்கலாம். நான் படித்த படிப்பு அப்படித்தான் சொல்கிறது. என் கோபம் படிக்காதது.

இரண்டாவது தட்டில் ஊசி மருந்து வைத்தேன். பளிச்சென்று வட்டம். விசிலடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அக்காவைப் பார்த்த டாக்டர் சொன்னார்: இருவருமே போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவரிடமிருந்து திரும்ப வரும், அக்காவுக்குப் பிள்ளை உண்டாவதே சிரமமாகிவிடும்.

வீட்டுக்கு வந்து, அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போன் போட்டேன்.

"மச்சான், ஒரே ஒரு ஊசி."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். ஒங்க அக்காளுக்குப் போடு, போதும்."

அக்கா போனைப் பிடுங்கினாள். "கல்லாவே இருங்க. ஊசி போடாம எம் பக்கத்துல வரக்கூடாது. ஒங்க மிச்சத்தத் தின்னது போதும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

நாளைக்குச் சந்தை. முதல் பஸ்ஸில் போகிறேன். துண்டுக்குள் விரல் பிடித்து அவர் விலை பேசும்போது, பக்கத்தில் போய் நிற்பேன். வாயே திறக்க மாட்டேன். அவருக்கும் ஊசி எழுதி டாக்டர் கொடுத்த சீட்டால் விசிறிக்கொண்டிருப்பேன். "அதென்ன சீட்டு, பாப்பா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பதிலை மச்சானே சொல்லட்டும். சொல்ல வாய் வராவிட்டால், பேசாமல் ஊசி போட என்னோடு பஸ் ஏறட்டும்.