ஜெயசீலி டீச்சருக்குக் கிடைக்காத முன்சீட்டு

"அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்று ஜெயசீலி டீச்சரின் மகன் ஃபோனில் சொன்னபோது நான் காலை ஜெபத்தில் இருந்தேன். எப்படி என்று கேட்டேன். "நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, காருல ஏற மாட்டேன்னு ஒரே பிடிவாதம்" என்றான். அது பிடிவாதமல்ல என்பதை அவருடன் தென்காசிப் பள்ளியில் பணியாற்றிய நானாவது சொல்ல வேண்டும்.

நான் ஆங்கிலம், அவர் உயிரியல். ஒருமுறை சுற்றுலாப் பேருந்து செங்கோட்டை தாண்டி மலையேறியதும் ஒரு மாணவி வெளிறி, வியர்த்து, எச்சிலை விழுங்கிக்கொண்டே முன்னால் வந்தாள். முன்சீட்டிலிருந்த உடற்கல்வி ஆசிரியர், "சீட்டுக்கு நடிக்கா டீச்சர். ஏட்டி, பின்னால போ" என்றார்.

"நீங்க பின்னால போங்க சார்" என்றார் ஜெயசீலி. "காதுக்குள்ள இருக்க தண்ணி, உடம்பு ஆடுதுன்னு சொல்லுது. கண்ணு முன்னால உள்ள சீட்டு முதுகப் பாத்து, ஆடலைன்னு சொல்லுது. மூளை யார நம்பும்? விஷந்தான் உள்ள போயிட்டோன்னு பயந்து வயித்தக் காலி பண்ணச் சொல்லுது. பிள்ளை என்ன செய்யும்?"

சீட்டு கிடைத்தது. தூரத்து வளைவைப் பார்த்தபடி வந்த அவள் மெல்லத் தெளிந்தாள். தென்மலை வருமுன் வாந்தி எடுத்தவர் பின்னால் போன ஆசிரியர்தான். "சாரும் நடிக்காவ போல" என்றார் ஜெயசீலி. பேருந்தே சிரித்தது.

முதுமையில் அவருக்கே அந்தத் தொல்லை வந்தது. புனலூர்க் கல்யாணத்துக்குப் போகையில் மகனிடம் முன்சீட்டைக் கேட்டார். "மாமா முன்னால இருக்காங்க. எப்படிம்மா எந்திரிக்கச் சொல்ல? கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றான் மகன். நம் வீடுகளில் முன்சீட்டு சம்பந்திக்குரிய மரியாதை. மலைவளைவில் பட்டுச்சேலையிலேயே வாந்தி எடுத்தார். "கல்யாணத்துக்குப் போற நேரத்துல இப்படிப் பண்ணுதீங்களே அத்தை" என்றாள் மருமகள். இதை என்னிடம் சொன்னபோதுதான் ஜெயசீலி அழுவதை முதன்முதலாகப் பார்த்தேன். அதன்பின் அவர் காரில் ஏறவில்லை. நெஞ்சு வலித்த அன்றும்.

அடக்கத்தின்போது அவரது பொறுமையைப் புகழ்ந்தார்கள். அவர் பொறுமைசாலி அல்ல. அவரைப் பொறுக்க வைத்தார்கள்.

என்னை மேலகரத்தில் என் வீட்டில் விட மகன் காரின் பின்கதவைத் திறந்தான். முன்னால் அதே சம்பந்தி.

"அண்ணாச்சி, இறங்குங்க."

"டீச்சருக்குத் தலை சுத்துதோ?"

"சுத்தல. இறங்குங்க."

இறங்கினார்.

எந்த மலைப்பாதையிலும் எனக்குத் தலை சுற்றியதில்லை. ஆனாலும் நான் ஏறும் வண்டியில் இனி முன்சீட்டு ஜெயசீலியுடையது. வெளிறிய முகத்தோடு யார் வந்தாலும் எழுந்து கொடுப்பேன். மரியாதை கேட்டு வருகிறவருக்குக் கொடுக்க மாட்டேன்.