ஸ்வெட்டரை வாங்கிப் பிடிக்கும் ஆள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சாதாரண தரம் வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு வாய் வராது. கிரிக்கெட்டைப் பற்றி எழுத இன்னும் தகுதி குறைவு. ஒரு நாளும் மட்டையைப் பிடித்ததில்லை. ஆனால் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நடந்த ஒன்றில் என் பிழையும் இருக்கிறது. அதை எழுதாமல் விட மனம் வரவில்லை. அங்குள்ளவர்களின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே இதில் பெயர்கள் இல்லை.

சுவிஸின் பீல் நகரில், எங்கள் இல்லத்தின் மூன்றாம் மாடிக்கு, பனிக்காலம் முடிகிற நேரத்தில், ஓர் இங்கிலாந்துப் பெண்மணி வந்து சேர்ந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். கணவர் இந்த ஊர்க்காரர். கடிகாரத் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்து காலமானவர். பிள்ளைகள் இல்லை. கோப்பில் ‘ஓய்வுபெற்ற ஆசிரியை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அவருக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, வராது; பிரெஞ்சு ஓரளவு வரும். என்னிடம் பள்ளிக்கூட ஆங்கிலம் இருந்ததால் அவருடைய அறை என் பொறுப்பில் வந்தது.

தினமும் காலை பத்து மணிபோல் அவர் நடைகூடத்துக்கு வருவார். போட்டிருக்கும் ஸ்வெட்டரைக் கழற்றி, எதிரில் வருகிற ஆளிடம் நீட்டுவார். அது நானாக இருக்கும், துப்புரவு செய்பவராக இருக்கும், ஒரு முறை தபால்காரராகவும் இருந்தது. பிறகு லிஃப்ட் கதவு வரை போய்த் திரும்பி, சுவரோரக் கைபிடியைத் தொட்டபடி கொஞ்சம் வேகமாக நடந்து வருவார். தன் அறை வாசலில் தோளைச் சரித்து ஒரு கணம் நிற்பார். இப்படி ஆறு தடவை. ஆறாவது முடிந்ததும் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எங்களிடம் ஒரு கவனிப்புத் தாள் உண்டு. அதில் ‘பொது இடத்தில் ஆடை களைதல்’ என்று ஒரு கட்டம், ‘நோக்கமின்றி அலைதல்’ என்று இன்னொரு கட்டம். மூன்று கிழமையாக இரண்டிலும் புள்ளடி போட்டவள் நான்தான். கண்டதைக் குறிப்பது வேலை. அதை வைத்து யார் என்ன முடிவெடுப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவின் பொறுப்பாளர் விஷயத்தைச் சொன்னார். நாலாம் மாடியில், மறதி நோய்க்காரருக்கான, இலக்கம் அழுத்தினால் மட்டும் கதவு திறக்கிற பிரிவில், ஒரு கட்டில் காலியாகிறது. இங்கிலாந்து அம்மாவை அங்கே மாற்றுவதா என்று செவ்வாய்க்கிழமை ரப்போர்ட்டில் முடிவெடுப்போம் என்றார். ரப்போர்ட் என்பது பகல் வேலைக்காரர் பின்னேர வேலைக்காரருக்கு விபரம் ஒப்படைக்கும் கூட்டம். அந்தப் பிரிவுக்குப் போன எவரும் திரும்பிக் கீழே வந்ததை நான் பார்த்ததில்லை. அங்கே நீளமான நடைகூடமும் கிடையாது. ஒரு பெரிய அறை, சுற்றிவரக் கதவுகள்.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள எங்கள் ஈழத்து ஆட்களின் கிரிக்கெட் போட்டி. நகருக்கு வெளியே ஓர் உதைபந்தாட்ட மைதானத்தில் பாய் விரித்து விளையாடுவார்கள். இருபது வருடமாக எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று தேநீர் ஊற்றுவது நான். என் கணவர் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடுவராக நிற்கிறார். அன்று குளிர்காற்று. பந்து வீச வந்தவர் ஸ்வெட்டரைக் கழற்றி என் கணவரிடம் நீட்டினார். அவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆறு பந்து முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார். இருபது வருடம் கண் முன்னால் நடந்த காரியம். ஊற்றிக்கொண்டிருந்த தேநீரை நான் அப்படியே வைத்துவிட்டேன்.

இடைவேளையில் கணவரிடம் கேட்டேன்.

“இஞ்சேருங்கோ, பந்து போட முதல் ஏன் ஸ்வெட்டரை உங்களிட்டத் தாறவை?”

“வேற ஆரிட்டக் குடுக்கிறது? அம்பயர் எண்டால் உடுப்புக் கொழுவுற தடிதானே.”

“பொம்பிளையளும் அப்பிடியோ?”

“எந்தப் பொம்பிளையள்?”

சொன்னேன். அவர் தேநீர் புரைக்கேறும்வரை சிரித்தார்.

“எண்பது வயசு மனுசி பந்து போடுறாவோ? உமக்கென்னப்பா கிரிக்கெட்டில தெரியும்? நீர் தேத்தண்ணி ஊத்தினதுதானே.”

பக்கத்தில் நின்ற பந்து வீச்சாளர் விடவில்லை. “அண்ணை, அவவை எங்கட பக்கத்துக்குக் கேளுங்கோ. இண்டைக்குப் பந்து போட்ட உங்கட மச்சானை விட நேராப் போடுவா.”

திங்கட்கிழமை இங்கிலாந்து அம்மா ஸ்வெட்டரை நீட்டியபோது நான் கையில் பிடிக்கவில்லை. என் கணவர் செய்ததைப் போல இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் எனக்கு ஒரு நடுவர் கிடைத்துவிட்டார் என்றார்.

ஆறு நடை முடிந்த பிறகு அறையில் கதைத்தார். இங்கிலாந்துப் பெண்கள் அணியில் வேகப்பந்து வீசியவர். ஒரே போட்டியில் எடுத்த விக்கெட்டுகளுக்கான சாதனை பல வருடங்கள் அவர் பெயரில் இருந்தது. எத்தனை விக்கெட் என்றும் சொன்னார்; எழுதினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்துகொண்டு, சம்பளமில்லாத லீவில் போய் விளையாடினாராம். அப்போது பாவாடையோடுதான் ஆட வேண்டும். விழுந்து எழும்பினால் முழங்காலில் தோல் இருக்காது. பத்திரிகையில் விக்கெட்டை ஒரு வரியிலும் தலைமயிரை மூன்று வரியிலும் எழுதினார்களாம். தோள் கெட்டுப்போய் ஆட்டத்தை விட்ட பிறகு, இங்கே மலை ஏற வந்த இடத்தில் கணவரைச் சந்தித்திருக்கிறார். கணவரை ஒரு தரம் போட்டி பார்க்கக் கூட்டிப் போனாராம். அந்த மனிதர் ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு, எப்போது தொடங்குவார்கள் என்று கேட்டாராம். சாதனையை வேறொரு பெண் முறியடித்த செய்தியைப் பீலில் சமையலறை வானொலியில் கேட்டு, தனியே நின்று கை தட்டியிருக்கிறார்.

தினம் நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தாராம். “சும்மா நடக்க எனக்கு வராது,” என்றார் அம்மா.

நான் எழும்பும்போது, மழை விட்டுவிட்டதா, மற்றவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். வெளியே நல்ல வெயில். பகிடியா உண்மையா என்று முகத்தில் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ரப்போர்ட்டில் என் புள்ளடிகளை வாசித்தார்கள். நான் கை உயர்த்தினேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. எல்லோரும் திரும்பியதும் எனக்குத் தெரிந்த டொச்சும் போய்விட்டது. நான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிப் பொறுப்பாளரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதை அவர் மடியில் வைத்துவிட்டு, கதவு வரை போய்த் திரும்பி ஓடி வந்து வெறுங்கையால் பந்து வீசிக் காட்டினேன். ஒரு தாதி வாயைப் பொத்திக்கொண்டார்.

“இப்ப எனக்கும் புள்ளடி போடுவீங்களோ?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு சொற்கள் வந்தன; அம்மா பந்து வீசிய கதையைச் சொன்னேன்.

பொறுப்பாளர் அந்த அம்மாவின் பெயரைத் தொலைபேசியில் தேடினார். பாவாடையோடு, கையை உயர்த்தி நிற்கிற பழைய படம் ஒன்று வந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

“அது அந்தக் காலம்,” என்றார் அவர். “இப்ப, தான் எங்க இருக்கிறா எண்டு அவவுக்குத் தெரியுமோ?”

அம்மாவிடமே நேரே போய்க் கேட்டார். நானும் பின்னால் போனேன்.

“பீல். மூன்றாம் மாடி. இன்றைக்கும் கரட் சூப்,” என்று பிரெஞ்சில் பதில் வந்தது. “நீங்கள் என்னை மேலே அனுப்பப் பார்க்கிறீர்கள்.”

பொறுப்பாளரின் காது சிவந்துவிட்டது. இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும், மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்றார். வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். மழையைப் பற்றிச் சொல்லவில்லை.

வீட்டில் அதைக் கணவரிடம் சொன்னேன்.

“சந்தேகம் எண்டால் நாங்கள் மட்டை பிடிக்கிறவனுக்குத்தான் சாதகமாக் குடுக்கிறது,” என்றார்.

“அவ பந்து போடுறவவெல்லோ?”

“அப்ப நீர் பிழையான ஆளுக்குக் குடுத்திட்டீர்.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

மறுநாள், இங்கிலாந்து அம்மாவுக்கென்று பார்த்த நாலாம் மாடிக் கட்டிலுக்கு நொஷாட்டல் நகரிலிருந்து ஒரு முதியவர் வந்தார். அவருடைய பெட்டிகளை நானும் இன்னொருவரும் மேலே கொண்டுபோய் வைத்தோம்.