முடிவுரைக்கு அரை மார்க்

வாய்விட்டுப் படித்தால்தான் தமிழாசிரியருக்குக் கட்டுரை திருத்த வரும். பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் அறையின் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடி முணுமுணுப்பார். வெளியே நடந்து போகிறவர்களுக்கு உள்ளே யாரோ அழுதுகொண்டே பேசுவதுபோல் கேட்கும்.

"இந்த வருஷம் எத்தனை அம்மாவை முடிச்சீங்க சார்?" என்பார் கணக்கு ஆசிரியை.

"இன்னும் கட்டே பிரிக்கலைம்மா. போன தடவை ஒருத்தர்கூடத் தப்பலை."

கேலிக்குக் காரணம் உண்டு. 'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்புக்கு எப்போதோ அவர் கரும்பலகையில் ஒரு மாதிரிக் கட்டுரை எழுதிப்போட்டார். மழை, வாசலில் முன்பின் தெரியாத செருப்புகள், உள்ளே அசையாமல் கிடக்கும் அம்மா, கடைசியில் நம்பிக்கை தரும் முடிவுரை. எல்லாம் கற்பனை. அவருடைய அம்மா இன்றும் டிவி ரிமோட்டுக்காக அவரோடு மல்லுக்கு நிற்கிறார். ஆனால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா எழுதியது தம்பிக்குப் போனது. இப்போதெல்லாம் வகுப்பு முழுக்க அம்மாக்கள் சாகிறார்கள். மறுநாள் மதியம் அதே அம்மாக்கள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பிள்ளைகள் சிரித்தபடி பிரிக்கிறார்கள்.

மார்க் விஷயத்தில் அவர் கை தாராளமில்லை. "கண்ணுல தண்ணி வரணும்டா. வரலைன்னா அரை மார்க் போச்சு." மழை பெய்யாவிட்டால் அரை, முடிவுரை இல்லாவிட்டால் இன்னொரு அரை. 'அரை மார்க்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "என் சமையலுக்கும் அரை கொறைச்சாச்சா?" என்று மனைவிகூடக் கேட்பதுண்டு.

அவருக்கு ஒவ்வாதது பெற்றோர் கூட்டம் ஒன்றுதான். கட்டுரைகளில் தாம் மார்க் போட்டு அனுப்பிவைத்த அம்மாக்கள் வரிசையாகப் படியேறி வருவார்கள். ஒரு கட்டுரையில் பிணத்தின் பக்கத்தில் கிடந்த பச்சைக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி எதிரே உட்காருவாள். "உடம்பு நல்லா இருக்காம்மா?" என்று தேவைக்கு மேல் கனிவாகக் கேட்பார். எழுதியதற்கும் நடந்ததற்கும் நடுவில் ஒரு கதவு இருப்பதாக நாம் நம்புகிறோம். அன்று மட்டும் அது சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவர்போல் இருப்பார்.

இந்த வருடம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவள் கட்டுரையில் மழை இல்லை, செருப்புகள் இல்லை. அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் பாதி காலியாக இருந்தது. மீதித் துணி வாளியிலேயே இருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தாள். படிக்கும்போது அவர் குரல் எங்கும் ஊன்றாமல் வழுக்கியது. 'நம்பும்படி இல்லை. முடிவுரை எங்கே? திருத்தி எழுதவும்' என்று சிவப்பில் எழுதினார்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் தந்தையோடு வந்தாள். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். தந்தை ஒன்றில் உட்கார்ந்தார். அவள் நின்றாள்.

"உக்காரும்மா."

"அது அம்மாவுக்கு சார்."

"அம்மா வராங்களா?"

தந்தை குனிந்துகொண்டார். "அவங்க லீவுல தவறிட்டாங்க சார். துணி காயப் போட்டுட்டே இருந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க. அதான் வீட்டையே மாத்திட்டு இந்தப் பக்கம் வந்தோம். பள்ளிக்கூடத்துல உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

பேனா மூடி அவர் பல்லிலிருந்து நழுவி மேசையில் உருண்டது.

"முடிவுரை எழுதிட்டேன் சார்," என்றாள் அவள். வகுப்பில் ஒப்பிப்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள். "மறுநாள் வெயில் அடித்தது. வாளியில் மீதமிருந்த துணிகளை அம்மா வந்து காயப் போட்டாள். பெற்றோர் கூட்டத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்." கட்டிய கைகளைப் பிரித்தாள். "நம்பும்படி இருக்கா சார்?"

தந்தை குரலைத் தாழ்த்தினார். "அந்த வாளியைத் துணியோட அப்படியே கொண்டுவந்து வச்சிருந்தா சார். யாரையும் தொட விடமாட்டா. இன்னைக்குக் காலைல பாத்தா, எல்லாம் கொடியில தொங்குது. நான் போடலை. இவளுக்குக் கொடி எட்டாது."

வராந்தாவில் வரிசை நெளிந்தது. அடுத்து நின்ற பச்சைக் கைப்பைக்காரி, "நேரமாகுது சார்" என்று முன்னால் வந்து காலி நாற்காலியை இழுத்தாள்.

அவர் சட்டென்று எழுந்து, மேசைக்கு மேலாகக் கை நீட்டி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஆள் வராங்கம்மா," என்றார்.