சர்வருக்கு மாலை போட்டவன்

"மாமா, மெயில் போகமாட்டேங்குது!"

விஜயதசமிக்கு மறுநாள், காலை பத்தரை மணி. போனில் என் மைத்துனன் குமரேசன். பெங்களூர் அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் ஆர்டருக்கு, அன்று பகல் பன்னிரண்டுக்குள் கொட்டேஷன் அனுப்பியாக வேண்டும். கம்பெனி மெயிலிலிருந்து வந்தால்தான் ஏற்பார்களாம். ஆர்டர் கிடைக்காவிட்டால் எட்டுப் பேரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று ஒரு மாதமாகவே புலம்பிக்கொண்டிருந்தான்.

அங்கே மெயில் சர்வரை வைத்துக்கொடுத்தது யார்? அடியேன்தான்! ஐ.டி.யில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் ஆயிற்றே... ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஆயுத பூஜையன்று அந்த சர்வரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டதும் நான்தான். லேத்துக்கு ஓய்வு உண்டு, சர்வருக்குக் கிடையாதா?

இப்போது மெஷின் எழுந்துவிட்டது. மெயில் சர்வீஸ் மட்டும் எழவில்லை. ஸ்டார்ட் கொடுத்தால் ஐந்தே விநாடியில் படுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் செய்தேன். ஆன்டிவைரஸை நிறுத்தினேன். டிஸ்க்கில் இடமிருக்கிறதா என்று பார்த்தேன். தாராளமாக இருந்தது.

என்ன கோளாறு என்று சர்வீஸ் தானே எழுதி வைக்கும் லாகைத் திறந்தால், 'பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று ஒரே பல்லவி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன மாதம் நானே புதுப்பித்த சான்றிதழ்! யாரிடம் கதை விடுகிறது?

மணி பதினொன்றரை. ஐந்தே நிமிஷம் என்று குமரேசன் ஆஸ்பத்திரிக்காரரிடம் போனில் கன்னடத்தில் கெஞ்சினான். "ஐது நிமிஷா சார்... ஐதே நிமிஷா!" வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "மாமா, முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

மறுபடியும் லாகைத் திறந்தேன்.

ஸ்டெல்லா தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து இந்த ஆபீஸையே தாங்குகிறவர். கொட்டேஷனை டைப் செய்து முடித்துவிட்டு என் பின்னால் நின்றிருந்தார்.

"அண்ணா, இது பழைய லாகா?"

"இல்லம்மா. இப்ப வந்தது."

"அப்புறம் ஏன் எல்லா வரியிலயும் 2012 ஜனவரி ஒண்ணுன்னு இருக்குது?"

அரை மணி நேரமாக அதே வரிகளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். புகாரைப் படித்தேன். புகாருக்கு முன்னால் இருந்த தேதியை ஒரு தடவையாவது பார்த்தேனா?

கரன்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதற்கு, மெஷினுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது எப்போதோ தீர்ந்திருக்கிறது. நான் பிளக்கைப் பிடுங்கியதும், மெஷின் பழைய வருஷத்துக்கே போய்விட்டது. அந்த வருஷத்தில் என் சான்றிதழ் பிறக்கவே இல்லையே! பாவம், சர்வர் சத்தியத்தைத்தான் சொல்லியிருக்கிறது.

தேதியைத் திருத்தினேன். ஸ்டார்ட். ஐந்து விநாடி... பத்து... இருபது... ஓடுகிறது!

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மெயில் போனது. இரண்டு நிமிஷத்தில் 'கிடைத்தது' என்று பதில். குமரேசன் கிரீஸ் கையோடு என்னைக் கட்டிப்பிடித்ததில் வெள்ளைச் சட்டை பாழ். போகட்டும்! பூஜையில் மிச்சமிருந்த பொரி, கடலை மொத்தமும் ஸ்டெல்லாவுக்கே.

நேற்று ஆர்டரும் வந்துவிட்டது. எட்டுப் பேரும் இருக்கிறார்கள். ஒன்பதாவதாக ஒரு ஆள் தேடுகிறான் குமரேசன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு சர்வரை அணைக்கப்போவதில்லை. என் மேதாவித்தனத்தைத்தான் ஒருநாள் அணைத்துவைக்கலாம் என்றிருக்கிறேன்!