சூட்டியைத் தேடித் தனுஷ்கோடிக்கு

சிலர் இராமேஸ்வரத்துக்குப் புண்ணியம் தேடிப் போவார்கள், சிலர் மீன் வறுவலுக்காகப் போவார்கள். நான் போனது ஒரு பூனைக்காக. வீட்டில் சிரித்த மாதிரி நீங்களும் சிரித்துவிட்டுப் படியுங்கள். வழி, வண்டி, செலவு எல்லாம் இடையிடையே சொல்லிக்கொண்டே வருகிறேன்.

இது இந்த வருஷம், 2008 ஜூலையில் நடந்தது. மதுரையில் எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் மேரி, தொண்ணூறில் மன்னார்ப் பக்கமிருந்து அகதியாக வந்தவர். எங்கள் தெருப் பூனைகளுக்கு நான் சோறு வைப்பதைப் பார்த்து, "எங்கட அக்காவும் உங்களை மாதிரித்தான்" என்று அடிக்கடி சொல்வார். அக்கா பெயர் றெஜினா. சண்டை நடக்கும் ஊரில், ஆட்கள் விட்டுப்போன வீடுகளின் பூனைகளுக்கெல்லாம் கஞ்சி வைத்துக்கொண்டு, கிளம்ப மாட்டேன் என்று அங்கேயே இருந்தவர். கடைசியில் அவரும் படகேறிவிட்டார். தனுஷ்கோடிக்கு அப்பால், நிலம் முடியும் அரிச்சல்முனை மணலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். கையில் ஒரு பை, அதற்குள் ஒரு பூனை. விடிந்ததும் மண்டபம் அகதி முகாமுக்கு அழைத்துப் போக வந்த வேனில் ஏறும்போது, இன்ஜின் உறுமிய உறுமலில் பூனை பையிலிருந்து துள்ளி ஓடிவிட்டது. இதை எனக்குச் சொன்னபோது மேரியின் தையல் மெஷின் நின்றுவிட்டது.

"அக்கா சாப்பிடேல்லை. முகாமை விட்டு இப்போதைக்கு வெளிக்கிட விடமாட்டினம். எனக்கும் கலியாணத் துணி குவிஞ்சு கிடக்கு" என்றார்.

அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் "ஞாயிற்றுக்கிழமை நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொள்வது என் பிறவிக்குணம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். பூனை ஓடி ஐந்து நாளாகிவிட்டது. அந்த மணல்வெளியில் நாய்கள் உண்டு, நிழல் கிடையாது, இரண்டு பக்கமும் கடல். செத்துக் கிடந்தால் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது?

மாட்டுத்தாவணியில் காலை ஐந்து மணி பஸ். மண்டபம் கேம்ப் நிறுத்தம் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். என் பையில் கால் கிலோ நெத்திலிக் கருவாடு இருந்தது. மானாமதுரை தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஜன்னலோரம் முழுசாக எனக்கே கிடைத்தது. ஆனால் உட்கார்ந்து ரசிக்கிற மனநிலை இல்லை. உச்சிப்புளி தாண்டிக் காற்றில் உப்பு வாடை வந்தபோதும் அந்த மணல்வெளி நாய்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு முகாம் வாசல். பெயர், ஊர் எல்லாம் சொல்லி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு றெஜினாவைப் பார்க்க விட்டார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேரியைவிட நல்ல உயரம். யாரோ கொடுத்த சேலை கணுக்காலுக்கு மேலே நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

"சாம்பல் நிறம் பிள்ளை. வால் பாதிதான் இருக்கும், ஷெல் துண்டு பட்டு அறுந்தது. சூட்டி எண்டு கூப்பிடுறது. கடைக்குட்டி எல்லோ, அதான்."

"கூப்பிட்டா வருமா அம்மா?"

"வீட்டில வரும். இஞ்ச..." அவர் முடிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ அழைத்தார்கள். நாலைந்து அடி போனவர் திரும்பி வந்து, "இல்லையெண்டால் இல்லையெண்டே வந்து சொல்லுங்கோ. பொய் சொல்லாதேங்கோ" என்றார்.

அந்தச் சொல்லோடுதான் பாம்பன் பாலம் ஏறினேன். பாலத்தில் பஸ் போகும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து ரயில் பாலத்தையும் படகுகளையும் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள், தவறவிடக் கூடாத காட்சிதான். நான் கருவாட்டுப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இராமேஸ்வரம் பஸ் நிலையத்திலிருந்து முகுந்தராயர் சத்திரம் வரைக்கும் டவுன் பஸ் உண்டு. அதோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலில் போகும் வேன்கள்தான். இருபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு எழுபது ரூபாய். தனியாகப் பேசினால் ஆயிரத்து ஐநூறு வரை கேட்பார்கள். நான் தனி வண்டிதான் பேச வேண்டியிருந்தது. ஓட்டுநர் பெயர் சாகுல், பாம்பன்காரர். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

"நான் இதுவரைக்கும் தொலைஞ்சுபோன மாமியாரத் தேடிப் போயிருக்கேன், மூக்குக்கண்ணாடியத் தேடிப் போயிருக்கேன். பூனைக்கு இதான் மொதத் தடவ." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "வெசனப்படாதீகக்கா. இன்ஷா அல்லாஹ் கெடைக்கும். அகதிக எறங்குற எடம் எனக்குத் தெரியும்."

வேன் மணலில் போகும்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தலை மேலே இடிக்கும். இடப்பக்கம் சலனமில்லாமல் கிடப்பதைப் பெண்கடல் என்றும், வலப்பக்கம் அடித்துக்கொண்டே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இது தலைகீழ் என்றேன். சாகுல் மறுபடியும் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

முதலில் நேராக முனைக்குப் போனோம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. "சூட்டி, சூட்டி" என்று கத்தினால் வாய்க்குள் மணல்தான் வந்தது. கால்தடம் ஏதாவது இருக்குமா என்று பார்த்தோம். அந்தக் காற்றில் யானை நடந்திருந்தாலும் தடம் நிற்காது. ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அலையோரம் கிடந்தது. நான் நின்றுவிட்டேன். சாகுல் போய்க் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "பழைய மீன் வலக்கா" என்று கத்தினார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு திரும்பி, பழைய புயலில் இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்திலுள்ள குடிசைகளுக்கு வந்தோம். அங்கே காளியம்மா என்பவர் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வால் அறுந்த பூனை என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"மொட்ட வாலா? முந்தாநாத்து அந்த உடமரத்துக்கிட்ட கெடந்துச்சே. மீன் தலயப் போட்டேன், கிட்ட வரல. நாய் தொரத்துனதும் முள்ளுக்குள்ள பூந்துருச்சு."

உயிரோடு இருக்கிறது என்றதும் சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்குப் பயம்தான் கூடியது. இல்லாத பூனையைத் தேடுவது ஒரு கவலை. இருக்கிற பூனையைத் தவறவிடுவது அதைவிடப் பெரிய கவலை. சத்தம்தான் அதை ஓட வைத்தது என்று மேரி சொல்லியிருந்தாரே. அதனால் சாகுலை வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். ஹாரன் அடிக்கும் வேன்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சங்குமாலை விற்பவர்களிடம் மெதுவாகக் கூவச் சொன்னேன். ஒருவர், "மெதுவாக் கூவுனா எப்படிக்கா விக்கும்?" என்றார். நியாயம்தான். வெயிலில் உடைமரங்களுக்கு நடுவே குனிந்து குனிந்து, கருவாட்டை வைத்து, சூட்டி என்று கிசுகிசுத்துக்கொண்டே போனேன். சேலை முழுக்க முள். வைத்த கருவாட்டையெல்லாம் காக்கைகள் தின்றன, பையில் பாதிதான் மிச்சம்.

மூன்றரை மணிவாக்கில் கரையில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். காளியம்மாவின் கொழுந்தனார் புது வள்ளத்தை முதன்முதலாகக் கடலில் இறக்குகிறாராம். மாலை கட்டி, சூடம் ஏற்றி, தேங்காயை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓலைப்பெட்டி நிறைய வெடி.

 ஓடிப்போய்க் காளியம்மாவின் கையைப் பிடித்தேன். "வெடி மட்டும் வேண்டாம்மா. அந்தப் பூனை ஷெல்லடிக்குத் தப்பி வந்தது. இந்தச் சத்தம் கேட்டால் எங்கே ஓடுமோ தெரியாது. கடலுக்குள்ளேயே போய்விடும்."

"புது வள்ளத்த வேட்டு இல்லாம எறக்குவாகளா? நல்ல காரியம்ல" என்றார் காளியம்மா. ஆனாலும் போய்ச் சொன்னார். கொழுந்தனார் என்னையும் என் சேலையில் ஒட்டியிருந்த முள்ளையும் பார்த்தார். "நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எறக்கணும். நாலு இருவதுவர இருக்கேன், தேடுங்க" என்றார். கடல் தொழில் செய்கிறவர். இந்தக் கரையிலிருந்து போகிறவர்கள் எல்லா நாளும் முழுசாகத் திரும்புவதில்லை. அவரிடம் அதற்குமேல் எப்படிக் கேட்பது?

தேடினோம். சாகுல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கிடைக்கவில்லை. நாலு இருபதுக்குச் சரம் பற்றிக்கொண்டது. காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

முள்ளுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று கிளம்பியது. கடலுக்கு ஓடவில்லை. மணல்வெளிக்கும் ஓடவில்லை. அத்தனை ஆட்களுக்கும் குறுக்கே வந்து, காளியம்மா குடிசைக்குப் பின்னாலிருந்த குழிக்குள் நேராக இறங்கிவிட்டது. அங்கே நல்ல தண்ணீருக்காக மணலைத் தோண்டி, சரியாமல் இருக்கப் பனங்கட்டையை அடைகொடுத்து வைப்பார்கள். ஊற்று என்று பெயர். அது வற்றிப்போன பழைய ஊற்று.

எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு ஆழம். பாதி வாலோடு சூட்டி உட்கார்ந்திருந்தது. மேலே வெடி இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. பயந்த பூனை ஒடுங்கிக் கிடக்கும், மூச்சுக்கூட விடாது. இது அண்ணாந்து பார்த்து, வாயை அகலத் திறந்து கத்தியது. எங்கள் தெருவில் காலையில் நான் கதவைத் திறந்ததும் கேட்கும் அதே கத்தல். கருவாட்டைப் போட்டேன். சரவெடிக்கு நடுவே நறநறவென்று தின்றது. சாகுல் இறங்கி மீன்கூடையைக் கவிழ்த்து மூடினார். வெளியே வள்ளம் தண்ணீரைத் தொட்டு, பெண்கள் குலவையிட்டார்கள். நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். காளியம்மா, "ஏத்தா, கெடச்சப்புறம் எதுக்கு அழுகுற?" என்று அதட்டினார்.

சாகுல் என்னை மண்டபம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கூடுதலாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. முகாம் வாசலில் கூடைக்குள் என்ன என்று கேட்டார்கள். பூனை என்றேன். எங்கே கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காவலுக்கு இருந்தவர், "உள்ள இருக்குற பூனையெல்லாம் எங்ககிட்ட கேட்டுட்டா வந்துச்சு?" என்று வழிவிட்டார்.

றெஜினா கூடையைத் திறந்து சூட்டியை எடுத்துக் கழுத்தோடு அணைத்துக்கொண்டார். அது மேலே ஏறித் தோளில் படுத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்டதும், வள்ளம் இறக்கியதையும் வெடி போட்டதையும், சத்தத்துக்கு ஓடிவந்து குழிக்குள் இறங்கியதையும் கதை மாதிரி சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"சோறு கேட்டிருக்கும்" என்றார்.

"ஆமாம்மா, கத்தியது. எப்படித் தெரியும்?"

"நான்தானே பழக்கினது. ஷெல்லடி தொடங்கினால் அதுகள் தறிகெட்டு ஓடும், ஓடிச் சாகும். அதால சட்டியைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள, பனங்கட்டை அடுக்கின பதுங்குகுழிக்குள்ள போயிடுவன். சத்தம் கேட்டால் பங்கருக்கை சோறு. வேற இடத்தில, வேற நேரத்தில வைக்கவே மாட்டன். பசிச்சாலும் வைக்க மாட்டன். கொஞ்ச நாளில எல்லாம் பழகீட்டுது. தூரத்தில சுடுற சத்தம் கேட்டவுடன, ஷெல் விழ முந்தி எனக்கு முன்னால போய் நிக்குங்கள்." சூட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "படகில ஒண்டைத்தான் கொண்டுவரலாம் எண்டவங்கள். மிச்சமெல்லாம் அங்க. இப்பவும் சத்தம் கேக்கேக்க ஓடிப்போய் பங்கருக்குள்ள நிக்குங்கள் பிள்ளை. சட்டி வரும் எண்டு பாத்துக்கொண்டு நிக்குங்கள்."

பையில் மிச்சமிருந்த கருவாட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு மதுரை பஸ் ஏறினேன். 

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அங்கே ஊற்றுத் தண்ணீர் அவர்கள் குடிப்பதற்கே பாடு. மாலை ஐந்துக்கு மேல் வேன் கிடைப்பது கஷ்டம். காற்றுக் காலத்தில் கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அங்கே வந்து இறங்கியவர்களைப் பார்க்க நேர்ந்தால் படம் எடுக்காதீர்கள். அக்கரையில் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். கருவாட்டை மூடிபோட்ட டப்பாவில் கொண்டுபோங்கள்.

தீபாவளிக்கு வழக்கமாக மாமனார் ஊருக்குப் போய்விடுவோம். இந்த வருஷம் முந்தின நாளே தெருவில் வெடி தொடங்கிவிட்டது. பூனைகள் நாலாபக்கமும் தெறித்து ஓடின, ஒன்று ஆட்டோவில் அடிபடப் பார்த்தது. சோற்றுச்சட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழேயுள்ள இருட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்து ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று.

கிளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று என் கணவர் வெளியே நின்று கூப்பிட்டார். நீங்கள் போய் வாருங்கள், இனி வெடிச் சத்தம் கேட்டால் இதுகள் இங்கேதான் வந்து நிற்கும், தீபாவளிக்கு நான் எங்கேயும் வர முடியாது என்றேன்.